விட்டுப்போன ஆச்சரியக்குறி

ஹாஃபிஸா நல்ல பிள்ளைதான். வாய்தான் கொஞ்சம் அவசரம்.

யாராவது ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் போதும், மிச்சத்தை அவள் முடித்துவிடுவாள். அம்மா ஷாஹினா, "கடைக்குப் போயி..." என்று இழுப்பதற்குள் "கொத்தமல்லியா?" என்பாள். அம்மாவுக்கு வேண்டியது சீரகமாக இருக்கும். தோல் கிடங்கில் வேலை பார்க்கும் அத்தா வீட்டுக்கு வந்து ஏதாவது வேடிக்கை சொல்ல ஆரம்பித்தால், அதன் கடைசி வரியை ஹாஃபிஸா முதலிலேயே சொல்லிவிடுவாள். பாதி நாள் அது தப்பாகவும் இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு ஏ பிரிவில் அவளை முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சுக்கு மாற்றினார்கள். பிறகு கடைசி பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சுக்கு மாற்றினார்கள். பயன் இல்லை. எங்கே உட்கார வைத்தாலும் பக்கத்தில் பேச ஒருத்தி இருந்தாள்.

அந்த வருடம் பள்ளியில் இணையப் பக்கம் உருவாக்கக் கற்றுத்தரும் வகுப்பு தொடங்கியது. கம்ப்யூட்டர் டீச்சரின் பெயர் இஞ்ஞாசியம்மாள். அறையில் நல்ல நிலையில் எட்டு கம்ப்யூட்டர்கள்தான் இருந்தன. சேர்ந்தவர்களோ பதினாறு பேர். அதனால் ஏ பிரிவு எட்டுப் பேருக்குத் திங்களும் புதனும் வகுப்பு. பி பிரிவு எட்டுப் பேருக்குச் செவ்வாயும் வியாழனும். ஒரு கம்ப்யூட்டருக்கு ஏ பிரிவில் ஒருவர், பி பிரிவில் ஒருவர். இருவரும் சேர்ந்து ஒரே பக்கத்தை உருவாக்க வேண்டும். பெற்றோர் நாளன்று அதை எல்லோருக்கும் விளக்கிக் காட்ட வேண்டும்.

சுவரில் ஒட்டிய பட்டியலை ஹாஃபிஸா முண்டியடித்துப் பார்த்தாள். ஐந்தாம் நம்பர் கம்ப்யூட்டர்: ஹாஃபிஸா, பொன்னழகு. தலைப்பு: நம் ஊர்ப் பூக்கள்.

பொன்னழகு யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. பி பிரிவு மாடியில் இருந்தது. ஹாஃபிஸா மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுவாள். தெருவில் உடன் விளையாடும் அக்மல் பி பிரிவுதான். அவனிடம் கேட்டதற்கு, ஜூன் மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் என்றும், ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமம் என்றும், யாரிடமும் பேசமாட்டாள் என்றும் சொன்னான்.

"ஏன் பேசமாட்டா?"

"யாருக்குத் தெரியும்? பெருமை புடிச்சவளா இருக்கும்" என்றான் அக்மல்.

முதல் வகுப்பில் டீச்சர் டேக் என்றால் என்னவென்று சொல்லிக்கொடுத்தார். எது தலைப்பு, எது பத்தி, எது படம் என்று கம்ப்யூட்டருக்கு நாம் சொல்லும் குறிகள்தான் டேக். "டப்பாவைத் தொறந்தா மூடுவோம்ல, அது மாதிரி. ஒரு டேக்கைத் தொறந்தா மூடணும்" என்றார்.

ஹாஃபிஸா தலைப்பு டேக்கைத் திறந்தாள், பூக்களைப் பற்றி எழுதினாள், மூட மறந்தாள். பக்கம் முழுவதும் தலைப்பாகிவிட்டது. அவ்வளவும் பெரிய பெரிய தடித்த எழுத்து.

டீச்சர் எட்டிப் பார்த்தார். "உன்னை மாதிரியே உன் பக்கமும் சத்தம் போடுது" என்றார். ஹாஃபிஸாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த வகுப்பில் ஐந்தாம் நம்பரைத் திறந்தபோது, பொன்னழகு தன் பங்கைச் செய்திருந்தாள். எல்லா டேக்கும் மூடியிருந்தது. மல்லிகை, சம்பங்கி, கோழிக்கொண்டை என்று ஒவ்வொன்றையும் எந்த நேரத்தில் பறிக்க வேண்டும், ஏன் ஈரத் துணி போட்டு மூட வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தாள். செடியோடு இருந்து பார்த்தவள் எழுதியது போல இருந்தது.

டேக்குகளை அடிக்கிற நோட்பேடில் கடைசி வரிக்கும் கீழே ஏதோ இருந்தது. ஒரு கோண அடைப்பு, ஓர் ஆச்சரியக்குறி, இரண்டு சிறு கோடு. அதற்குப் பிறகு: "கனகாம்பரப் படத்த நடுவுல வச்சிருக்கேன். புடிக்கலைன்னா மாத்திக்க. இன்னைக்கும் தனியாத்தான் சாப்பிட்டேன். சும்மா எழுதிப் பாக்குறேன். இது பக்கத்துல தெரியாதாம்."

பிரவுசரில் பார்த்தாள். உண்மையிலேயே அந்த வரிகள் தெரியவில்லை.

டீச்சரைக் கேட்டாள். அந்தக் குறிக்குள் எழுதுவது, பக்கத்தைச் செய்கிறவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் குறிப்பு என்றார் டீச்சர். பிரவுசர் அதைத் தாண்டிப் போய்விடும், பக்கத்தைப் பார்க்கிறவர் கண்ணில் படாது.

ஹாஃபிஸா செத்த நேரம் யோசித்தாள். பிறகு அதே குறிக்குள், முதல் குறிப்புக்கு மேலே எழுதினாள்: "எனக்குத் தெரிஞ்சிருச்சு. கனகாம்பரம் நடுவுலயே இருக்கட்டும். இன்னைக்கு என்ன வெஞ்சனம்?"

திங்களன்று பதில் இருந்தது. "அவரைக்காய். சித்தி காரம் கூடப் போட்டுட்டாங்க."

இப்படித்தான் அது ஆரம்பித்தது. பக்கம் வெளியே பூவும் படமுமாக வளர, உள்ளே யாருக்கும் தெரியாமல் பேச்சு வளர்ந்தது. புதிதாக எழுதுவது மேலே, பழையது கீழே. பொன்னழகு டவுனில் சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறாள். அப்பாவும் அம்மாவும் ஊரில் பூந்தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவளுக்கு மூன்று கோழி இருக்கிறது. ஒன்று மட்டும் அவள் கூப்பிட்டால் வராது, தம்பி கூப்பிட்டால் வரும்.

ஹாஃபிஸாவுக்கு இது புது அனுபவம். ஒன்று கேட்டால் இரண்டு நாள், சில சமயம் ஐந்து நாள் காத்திருக்க வேண்டும். குறுக்கே பேச வழியே இல்லை.

ஒரு புதன்கிழமை அவள் கேட்டாள்: "நீ ஏன் யார்கூடயும் பேசமாட்டேங்கிற?"

வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. திங்கள் வருவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பதில் நீளமாக இருந்தது. "எனக்குப் பேச்சு திக்கும். ஊர்ல எல்லாருக்கும் பழகிப்போச்சு. இங்க யாருக்கும் தெரியாது. வாயத் தொறந்தாத்தான தெரியும். 'ப' வரிசைதான் ரொம்ப மோசம். என் பேரே 'பொ'. நமக்குக் கெடச்ச தலைப்பு 'பூ'. பெற்றோர் நாள்ல எப்படிச் சொல்லப்போறேன்னு தெரியல. யார்ட்டயும் சொல்லிராத. என்னத் தேடி மாடிக்கும் வராத. இப்படி எழுதுறதே நல்லா இருக்கு."

ஹாஃபிஸா யாரிடமும் சொல்லவில்லை. அக்மல் மறுபடி "அந்தப் பெருமை புடிச்சவ" என்று ஆரம்பித்தபோது நாக்கு நுனிவரை வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். மாடிப்படி ஏறவும் இல்லை.

அந்தப் புதன்கிழமைதான் தப்பு நடந்தது.

மணி அடிக்கும் நேரம். ஹாஃபிஸா அவசர அவசரமாக, "பயப்படாத, பெற்றோர் நாள்ல நான் உன்கூடவே நிப்பேன்" என்று மேலே எழுதினாள். எழுதும்போது தொடக்கக் குறி அழிந்துவிட்டது. மறுபடி அடித்தாள். கோண அடைப்பு, இரண்டு சிறு கோடு. சேமித்தாள். பிரவுசரில் திறந்து பார்க்காமலே பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

மறுநாள் சாயங்காலம் அக்மல் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். முகம் வழக்கம்போல இல்லை.

அன்று டீச்சர் பி பிரிவுக்கு ஒத்திகை வைத்தாராம். ஒவ்வொரு பக்கத்தையும் சுவரில் பெரிய திரையில் காட்டினாராம். ஐந்தாம் நம்பர் பக்கம் வந்தபோது பூக்களுக்குக் கீழே அந்த எழுத்து எல்லாம் தெரிந்ததாம். தனியாகச் சாப்பிட்டது, கோழி, திக்குவாய், 'ப' வரிசை, எல்லாம். டீச்சர் ஓடிவந்து மறைப்பதற்குள் முன்வரிசை படித்துவிட்டது. ஒருவன் "ப்ப்ப்ப்..." என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். பொன்னழகு எழுந்து வெளியே போய்விட்டாள்.

அக்மல் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "வேணும்னே வெளிய தெரியிற மாதிரி நீதான் பண்ணினன்னு சொல்றாங்க. நீயா பண்ணின?"

ஹாஃபிஸா கோண அடைப்பு, இரண்டு சிறு கோடு என்று உள்ளங்கையில் விரலால் எழுதிப் பார்த்தாள். நடுவில் ஆச்சரியக்குறி விட்டுப்போயிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவள் மாடி ஏறினாள். பொன்னழகு வரவில்லை. பி பிரிவு வகுப்பு ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, எல்லோர் முன்னாலும் நின்றாள். அந்தக் குறியில் ஆச்சரியக்குறியை விட்டுவிட்டால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும், அதை விட்டது நான்தான், வேண்டுமென்று செய்யவில்லை, பார்க்காமல் ஓடியதால் வந்தது என்று சொன்னாள். சிரித்தவர்கள் யாரென்று அவள் கேட்கவில்லை. முந்தின நாள் "ப்ப்ப்ப்" என்றவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

திங்களன்று ஐந்தாம் நம்பரைத் திறந்தாள். பூக்கள் இருந்தன, படங்கள் இருந்தன. பேச்சு மொத்தமும் இல்லை. டீச்சர் அழித்திருந்தார். பொன்னழகு இன்றும் வரவில்லை என்றும், வயிற்று வலி என்று சித்தி போன் செய்ததாகவும், பெற்றோர் நாளிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடச் சொன்னதாகவும் டீச்சர் சொன்னார். பெற்றோர் நாள் வரும் சனிக்கிழமை.

ஹாஃபிஸா விசைப்பலகையின் மேல் விரலை வைத்தாள். குறிக்குள் மன்னிப்பு எழுதலாம். ஆனால் வராதவள் எப்படிப் படிப்பாள்?

அன்று சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஷாஹினா திட்டவில்லை. பையை எடுத்துக்கொண்டு, "வா, எனக்கும் ரெண்டு முழம் மல்லிகை வாங்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

பொன்னழகின் சித்தி பூ மார்க்கெட் வாசலில் பூக்கட்டி விற்கிறவர். இடம் எதுவென்று அக்மல் விசாரித்துச் சொல்லியிருந்தான். சித்தி அம்மாவுக்கு மல்லிகை அளந்தபடி பேச்சில் இறங்கினார். அவருக்குப் பின்னால், கோணிப்பைகளுக்கு நடுவே, ஒல்லியாக, இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் சம்பங்கியைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். ஹாஃபிஸா அவளைப் பார்த்ததே இல்லை. ஆனால் தெரிந்துவிட்டது.

"நான் ஹாஃபிஸா" என்றாள்.

பொன்னழகின் கை நின்றது. தலை நிமிரவில்லை.

ஹாஃபிஸா கோணிப்பை மேல் உட்கார்ந்தாள். நான்கு நாளாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் கொட்டியது. ஆச்சரியக்குறி, மணி அடித்தது, பார்க்காமல் ஓடியது, பி பிரிவில் போய்ச் சொன்னது, தூக்கம் வராதது. "என்னாலதான் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. நீ என்னைத் திட்டணும்னா திட்டிக்க" என்று முடித்தாள்.

பொன்னழகு நிமிர்ந்தாள். உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டன. கழுத்து நரம்பு புடைத்தது.

"ப்... ப்..."

"பள்ளிக்கூடமா?" என்றாள் ஹாஃபிஸா. "பள்ளிக்கூடத்துக்கு வரமாட்டியா?"

பொன்னழகு இல்லையென்று தலையை ஆட்டினாள். மறுபடி முயன்றாள். "ப்..."

"பயமா இருக்கா? பூவப் பத்தியா? பேரா?"

பொன்னழகு வாயை மூடிக்கொண்டாள். திரும்பி ஒரு சம்பங்கியை எடுத்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

அப்போதுதான் ஹாஃபிஸாவுக்கு உறைத்தது. தப்புத் தப்பாகச் சொல்லிச் சொல்லி, அவள் சொல்ல வந்ததைத் நாமே பிடுங்கிக்கொண்டிருக்கிறோம். எழுத்தில் எத்தனை நாள் காத்திருந்தோம். இங்கே ஒரு நிமிடம் காத்திருக்கக் கூடாதா?

அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். வாயை இறுக மூடினாள். மார்க்கெட்டில் யாரோ விலை கூவினார்கள். ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எதுவும் சொல்லாமல் பொன்னழகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பொன்னழகு ஓரக்கண்ணால் பார்த்தாள். ஹாஃபிஸா இன்னும் பேசவில்லை. சம்பங்கியைக் கீழே வைத்தாள்.

"ப்... ப்... ப... பரவால்ல" என்றாள்.

ஹாஃபிஸா நினைத்த ஒரு வார்த்தைகூட அது இல்லை. நூறு தடவை முயன்றிருந்தாலும் அவளால் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஹாஃபிஸாவுக்கு அழுகை வந்துவிட்டது. பொன்னழகு கண்ணைத் துடைக்க ஏதாவது தேடி, எதுவும் அகப்படாததால், ஈரத்துணியை நீட்டினாள். அது பூ மூடுகிற துணி. முகமெல்லாம் சம்பங்கி வாசனை. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

பெற்றோர் நாளில் தானே எல்லாவற்றையும் பேசிவிடுவதாக ஹாஃபிஸா சொன்னாள். பொன்னழகு வேண்டாம் என்றாள். எழுதியது அவள், படம் வைத்தது அவள். கொஞ்சம் கொஞ்சமாக, நிறுத்தி நிறுத்தி, தானே சொல்வதாகச் சொன்னாள். ஆனால் ஒரு நிபந்தனை.

"நீ... நடுவுல... பேசக் கூடாது."

ஹாஃபிஸா வாயில் விரல் வைத்துக் காட்டினாள்.

சனிக்கிழமை கம்ப்யூட்டர் அறை நிரம்பி வழிந்தது. ஐந்தாம் நம்பர் முன்னால் இருவரும் நின்றார்கள். பொன்னழகு முதலில் வாயால் எதுவும் சொல்லவில்லை. நோட்பேடில் ஒரு நிறத்தின் பெயரை மாற்றிச் சேமித்தாள். பக்கத்தைப் புதுப்பித்தாள். கறுப்பாக இருந்த தலைப்பு கனகாம்பர நிறத்துக்கு மாறியது. சின்னப் பிள்ளைகள் இன்னொரு தடவை செய்யச் சொன்னார்கள். இன்னொரு தடவை செய்தாள்.

கூட்டத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்தவர்போல வேர்வையோடு நின்றார். அவர்தான் பொன்னழகின் அப்பா பொன்னுத்துரை. காலையில் மார்க்கெட்டில் பூவை இறக்கிவிட்டு வந்திருந்தார்.

முன்னால் நின்ற ஓர் அம்மாள் பொன்னழகிடம் குனிந்து கேட்டார். "நல்லாச் செய்றியே. உம் பேரு என்னம்மா?"

உலகத்திலேயே கஷ்டமான கேள்வி அதுதான்.

"ப்... ப்ப்..."

அறை மெல்ல அமைதியானது. ஹாஃபிஸாவின் வாய்க்குள் அந்தப் பெயர் முழுசாகத் தயாராக இருந்தது. விட்டால் ஒரே நொடி. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பின்னாலிருந்து பொன்னுத்துரை, மகள் படும் பாட்டைப் பார்க்கமாட்டாமல், எப்போதும் செய்வதுபோல முன்னால் வந்தார். "அவ பேரு பொன்..."

ஹாஃபிஸா அவர் கையைத் தொட்டாள். காதோடு மெதுவாகச் சொன்னாள்.

"செத்த இருங்க மாமா. அவளே சொல்லுவா."

அவர் அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு அப்படியே நின்றார்.

"பொ... பொன்... பொன்னழகு" என்றாள் பொன்னழகு. பிறகு மூச்சு விட்டாள். "இது நம்ம ஊ... ஊர்ப் ப்... பூ... பூக்கள்."

அதற்குப் பிறகு அவள் விடவில்லை. திக்கியது, நின்றது, மறுபடி தொடங்கியது. மல்லிகை மொட்டை விடியுமுன் ஏன் பறிக்க வேண்டும் என்பதைச் சொல்லவே ரொம்ப நேரம் ஆனது. யாரும் நகரவில்லை. அந்த அம்மாள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மற்ற பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் முடித்ததை அவள் ஒன்பது நிமிடத்தில் முடித்தாள். பொன்னுத்துரை கைக்குட்டையை எடுத்து வேர்வையைத் துடைப்பதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பி பிரிவிலிருந்து அக்மல் வந்து, கோழிக்கொண்டைக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டான். அவனுக்குப் பதில் தெரியும். பேச்சுக் கொடுக்க வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான். பொன்னழகு தலையில் கை வைத்துக் கொண்டைபோலக் காட்டினாள்.

எல்லாம் முடிந்து இருவரும் வாசலுக்கு நடந்தார்கள். பொன்னழகு ஒரு கதை சொல்லிக்கொண்டு வந்தாள். அய்யலூர் சந்தையில் அப்பா புதிதாக வாங்கிவந்த ஆடு, ஒரு கல்யாண வீட்டுக்குக் கட்டிவைத்த மாலையை மாப்பிள்ளைக்கு முன்னாலேயே போட்டுக்கொண்ட கதை. படிக்கட்டில் தொடங்கியது, வேப்பமரம் தாண்டியும் முடியவில்லை. ஹாஃபிஸாவுக்கு முடிவு என்னவாக இருக்கும் என்று மூன்று யோசனை வந்தது. மூன்றையும் உள்ளேயே வைத்துக்கொண்டாள். கேட் அருகே கதை முடிந்தபோது அவள் நினைத்ததைவிட அது வேடிக்கையாக இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கேட்டில் நின்றிருந்த ஷாஹினா, "அப்படி என்ன கதை? எனக்கும் சொல்லுங்க" என்றாள்.

ஹாஃபிஸா பொன்னழகைப் பார்த்தாள். "நீயே சொல்லு."

பொன்னழகு தொண்டையைச் செருமிக்கொண்டாள். ஷாஹினா கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு, சுவரில் வசதியாகச் சாய்ந்து நின்றாள்.